ஸ்டீவன்ஸ் ஏன் அழவில்லை?

1

“அவன் டினையல்ல இருக்கான்.” “இது உன்னோட புரொஜெக்‌ஷன்.” “சும்மா இன்டலெக்சுவலைஸ் பண்ணாதே.” இன்ஸ்டாகிராம் ரீல்களிலும் வாட்ஸப் குழுச் சண்டைகளிலும் பிரேக்கப்புக்குப் பிந்தைய விசாரணைகளிலும் இந்த வாக்கியங்கள் இன்று தாராளமாகப் புழங்குகின்றன. எதிராளியின் வாயை அடைக்க இவற்றைவிட வசதியான ஆயுதம் கிடையாது. ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றால் அவன் மறுக்கலாம், ஆதாரம் கேட்கலாம். ‘நீ டினையலில் இருக்கிறாய்’ என்று சொல்லிவிட்டால் மறுப்பதே ஆதாரமாகிவிடும். பூ விழுந்தால் எனக்கு ஜெயம், தலை விழுந்தால் உனக்குத் தோல்வி.

இந்தச் சொற்களெல்லாம் வந்து குடியேறிய ஒரு பழைய வீடு உண்டு. 1936-ல் வியன்னாவில் அன்னா ஃப்ராய்ட் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். அப்பா சிக்மண்ட் ஃப்ராய்டின் எண்பதாவது பிறந்தநாளுக்கு மகள் கொடுத்த பரிசு அது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் ‘தி ஈகோ அண்ட் த மெக்கானிசம்ஸ் ஆஃப் டிஃபென்ஸ்’ என்று வந்தது. அப்பா நாற்பது ஆண்டுகளாக அங்கங்கே சிதறவிட்டிருந்த கருத்துகளைத் திரட்டி, மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எப்போது எதற்காக வேலை செய்கிறது என்று விளக்கிய நூல்.

அந்த நூலையும், அதற்கு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஒரு நாவலையும் அருகருகே வைத்து வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. நாவல், கசுவோ இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’. 1989-ல் வெளிவந்து புக்கர் பரிசு பெற்றது. ஓர் ஆங்கிலப் பிரபுவின் மாளிகையில் தலைமைப் பணியாளாக, அதாவது பட்லராக, வாழ்நாளைக் கழித்த ஸ்டீவன்ஸ் தன் கதையைத் தானே சொல்கிறார். தற்காப்பு நுட்பங்களுக்குப் பாடப்புத்தக உதாரணம் தேடினால் இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். அதனாலேயே எனக்குச் சந்தேகமும் வருகிறது. ஸ்டீவன்ஸுக்கு ஐந்து லேபிள் ஒட்டி முடித்ததும் நாம் அவரைப் புரிந்துகொண்டோமா, அல்லது அவரிடமிருந்து தப்பித்துக்கொண்டோமா?

2

முதலில் கொஞ்சம் கோட்பாடு. சீக்கிரம் கடந்துவிடலாம்.

‘ஈகோ’ என்ற சொல்லைத் தமிழ்ப் பேச்சுவழக்கு எப்போதோ தத்தெடுத்துக்கொண்டது. ஆனால் வேறு பிள்ளையாக வளர்த்துவிட்டது. ‘அவனுக்கு ஈகோ ஜாஸ்தி’ என்றால் திமிர், வறட்டு கௌரவம். ஃப்ராய்ட் சொன்னது அது இல்லை. 1923-ல் அவர் மனதை மூன்றாகப் பிரித்துக் காட்டியபோது பயன்படுத்தியவை குழந்தைக்கும் தெரிந்த ஜெர்மன் சொற்கள்: ‘அது’, ‘நான்’, ‘மேல்-நான்’. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் அவை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று லத்தீன் உடை மாட்டிக்கொண்டன. வீட்டுச் சொல்லாக இருந்தது மருத்துவமனைச் சொல்லாயிற்று என்று புரூனோ பெட்டல்ஹைம் பிற்பாடு ஒரு புத்தகமே எழுதி வருத்தப்பட்டார்.

‘அது’ ஆசைகளின் கொதிகலன். ‘மேல்-நான்’ உள்ளே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பெற்றோர். ‘நான்’? அது மூன்று எஜமானர்களுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யும் பாவப்பட்ட ஜீவன் என்று ஃப்ராய்டே வருணித்திருக்கிறார். ஆசை ஒருபக்கம் இழுக்கிறது, மனசாட்சி ஒருபக்கம் அதட்டுகிறது, வெளியுலகம் தன் பங்குக்கு மிரட்டுகிறது. மூவரையும் சமாளித்து வீட்டை நடத்தியாக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு பட்லரின் உத்தியோகம்.

தற்காப்பு என்ற சொல்லை ஃப்ராய்ட் 1894-லேயே எழுதிவிட்டார். பிறகு ‘அமுக்கம்’ என்ற ஒரே வழிமுறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது: தாங்க முடியாத எண்ணத்தை நனவிலிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது. அமுக்கியதால்தான் பதற்றம் பிறக்கிறது என்று முதலில் நினைத்தவர், 1926-ல் அதைத் தலைகீழாக்கினார். பதற்றம்தான் முதலில், அது ஓர் அபாய மணி. மணி அடித்ததும் ‘நான்’ ஏதாவது செய்தாக வேண்டும். அமுக்குவது அதில் ஒரு வழி மட்டுமே. மற்ற வழிகள் என்னென்ன? அந்தக் கேள்வியில்தான் அன்னாவின் நூல் தொடங்குகிறது. பின்வாங்கிக் குழந்தையாவது, வெறுப்பை அதீத அன்பாக மாற்றிக் காட்டுவது, நினைவை வைத்துக்கொண்டு உணர்ச்சியை மட்டும் கழற்றிவிடுவது, செய்ததைச் சடங்கால் அழிப்பது, தன்னுடையதை அடுத்தவர்மேல் ஏற்றுவது, அடுத்தவருடையதை உள்ளே வாங்கிக்கொள்வது, கோபத்தைத் தன்மீதே திருப்புவது என்று பட்டியல் பத்து வரை போகிறது.

என் தொழிலில் இதற்கு ஒரு உவமை கைவசம் இருக்கிறது. புரோகிராமில் பிழை வந்தால் அதைப் பிடித்துக் கையாள ஒரு ‘கேட்ச் பிளாக்’ எழுதுவோம். அவசரத்தில் சிலர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். பிழை வரும், பிடிபடும், ஒன்றும் நடக்காது, லாகில்கூட ஒரு வரி இருக்காது. டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. மூன்று மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாத ஒரு ரிப்போர்ட்டில் தொகை தப்பாக வரும். அமுக்கமும் நோய்க்குறியும் இப்படித்தான்.

உவமை அழகாக இருக்கு, ஆனா பாதி தூரம்தான் வரும். காலி பிளாக் ஒரு குறை, கண்டுபிடித்தால் நீக்கிவிடலாம். மனிதரில் அந்தப் பிளாக்கின்மேல் இருபது வருடக் கட்டடம் எழும்பிவிட்டிருக்கும். அளவுக்கு மீறிய சுத்தம், விட்டுக்கொடுக்கும் சுபாவம், எதற்கும் அசராத நிதானம் என்று ஊர் மெச்சும் குணங்கள் பலவும் எப்போதோ ஓர் அபாய மணிக்குச் செய்த அவசர ஏற்பாடுகளின் தொடர்ச்சியாக இருக்கலாம். வில்ஹெல்ம் ரைஷ் 1933-ல் இதைக் குணக் கவசம் என்றார். கவசம் என்று சொன்னால் கழற்றிவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. பல வருடம் போட்டிருந்த கவசத்துக்கும் தோலுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

3

அன்னா ஃப்ராய்டை இலக்கிய வாசகர் ஏன் படிக்க வேண்டும்? அவருடைய உதாரணங்களுக்காக. தொழில்முறையில் அவர் முதலில் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கண் அது. குறுங்கதைகளைப் போல அவை நினைவில் நிற்கின்றன.

இருட்டான கூடத்தைக் கடக்கப் பயப்படும் ஒரு சிறுமி. பேய் இருக்கும் என்ற பயம். திடீரென்று ஒருநாள் கடக்கத் தொடங்கிவிடுகிறாள், வினோதமான சைகைகள் செய்தபடி. கொஞ்ச நாளில் ரகசியத்தைத் தம்பியிடம் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள். எந்தப் பேய் எதிரே வருமோ அந்தப் பேயாக நீயே ஆகிவிடு, அவ்வளவுதான், பயம் போய்விடும்.

இன்னொரு பையன், ஆறு வயது. பல் டாக்டரிடம் போய் வலியோடு வருகிறான். அன்று அவன் பல் டாக்டர் விளையாட்டு விளையாடவில்லை. ரப்பரை வெட்ட முயல்கிறான், நூல்கண்டைத் துண்டு துண்டாக நறுக்குகிறான், பென்சில்களைக் கூர்சீவி முனையை உடைத்து, மறுபடி சீவி மறுபடி உடைக்கிறான். வேறொரு நாள், விளையாட்டு ஆசிரியரின் கை தவறுதலாகப் பட்டு அடி வாங்கியவன், மறுநாள் ராணுவத் தொப்பியும் பொம்மைக் கத்தியும் துப்பாக்கியுமாக வந்து நிற்கிறான். பல் டாக்டரையோ ஆசிரியரையோ அவன் நடிக்கவில்லை என்பதை அன்னா நுட்பமாகக் கவனிக்கிறார். அவர்களுடைய ஆக்ரோஷத்தை மட்டும், அல்லது அவர்களுடைய ஆண்மையின் சின்னங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறான். அடித்தவரோடு ஒன்றிப்போதல் என்று இதற்குப் பெயர் வைத்தார்.

பெயரைவிட முக்கியம் அவருடைய தொனி. இந்தப் பிள்ளைகளை அவர் குற்றம் சாட்டவில்லை. பயந்த குழந்தை பேயாக மாறியது ஒரு தந்திரம் மட்டுமல்ல, ஒரு கண்டுபிடிப்பு. சிறிய ஜீவன் ஒன்று தன்னைவிடப் பெரிய உலகத்தின் நடுவே நின்று எப்படியோ நடந்து போவதற்கான வழி. உளப்பகுப்பாய்வாளர் ஆசை, நான், மனசாட்சி மூன்றிலிருந்தும் சம தூரத்தில் நிற்க வேண்டும் என்று அந்நூலில் வலியுறுத்துகிறார். அதாவது, அமுக்கப்பட்ட ஆசைதான் ‘உண்மையான’ மனிதர், தற்காப்பு வெறும் வேஷம் என்று பார்க்கக் கூடாது. வேஷத்தைப் போட்டதும் அதே மனிதர்தானே?

இன்றைய ரீல்களில் காணாமல் போனது இந்தச் சம தூரம். டினையல், புரொஜெக்‌ஷன் எல்லாம் திட்டும் சொற்களாகிவிட்டன. அன்னாவிடம் அவை வேலைகளின் பெயர்கள்.

4

அந்த நூலின் மிக விசித்திரமான பகுதி ‘பிறர்நலச் சரணாகதி’ என்று நாம் சொல்லக்கூடிய அத்தியாயம். ஒரு கவர்னஸ், பிள்ளைகளை வளர்க்கும் ஆசிரியை. சிறு வயதில் அவளுக்கு இரண்டு பெரிய ஆசைகள்: அழகான உடைகள், நிறையக் குழந்தைகள். வளர்ந்தபின் அவளுக்கு இரண்டும் இல்லை. ஏனோதானோ என்று உடுத்துகிறாள், திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் தோழிகளின் உடைகளில் அவளுக்கு அபார அக்கறை. அவர்களுடைய காதல் விவகாரங்களில் தூது போகிறாள், வரன் பார்த்துக் கொடுக்கிறாள், அடுத்தவர் பிள்ளைகளுக்கு உயிரைக் கொடுக்கிறாள். தன் ஆசைகளை அவள் கொல்லவில்லை, வெளியே குடியமர்த்திவிட்டாள். அடுத்தவர் அனுபவித்தால் இவளுக்கும் ஒரு பங்கு.

அத்தியாயத்தின் முடிவில் அன்னா ஒரு நாடகத்தை அழைத்துவருகிறார்: எட்மாண்ட் ரோஸ்டாண்டின் ‘சிரானோ த பெர்ஜராக்’. பெரிய மூக்குக்காரன் சிரானோ, தான் காதலிக்கும் ராக்ஸானை அழகன் கிறிஸ்தியான் அடைவதற்காகத் தன் சொற்களையெல்லாம் அவனுக்கு எழுதிக் கொடுக்கிறான். கோட்பாட்டின் உச்சத்தில் அவருக்கு இலக்கியம் தேவைப்பட்டது என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அந்தக் கவர்னஸ் யார்? அன்னாவின் வாழ்க்கை வரலாற்றை 1988-ல் எழுதிய எலிசபெத் யங்-ப்ரூல் அதில் அன்னாவின் சாயலையே காண்கிறார். அன்னா திருமணம் செய்துகொள்ளவில்லை. எளிய உடை. தோழி டோரதி பர்லிங்ஹாமின் நான்கு பிள்ளைகளை வளர்ப்பதில் பெரும் பங்கு. வாழ்நாள் முழுக்க அப்பாவின் செயலாளர், தாதி, வாரிசு. அதற்கும் மேலே ஒன்று: 1918-லிருந்து சில ஆண்டுகள், பிறகு 1924-ல் மீண்டும், மகளை உளப்பகுப்பாய்வு செய்தவர் அப்பாதான். அந்தத் துறையின் இன்றைய எந்த நெறிமுறைப்படியும் இது நடக்கக் கூடாத விஷயம். மகள் தன் ரகசியக் கனவுகளை அப்பாவிடம் சொல்ல, அப்பா அதில் தனக்கு எதிரான ஆசையையும் கோபத்தையும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எஜமானர் மூவரில் இருவர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை வைத்து நூலைத் தள்ளிவிடுவது சுலபம். ‘பாருங்க, தன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கா’ என்று. நான் எதிர்த்திசையில் போக விரும்புகிறேன். நாவலாசிரியர் செய்வதைத்தான் அன்னாவும் செய்தார்: தன்னை ஒரு பாத்திரமாக்கிச் சம தூரத்தில் நின்று பார்த்தார். நூலின் பலம் அங்கிருந்து வருகிறது. பலவீனமும் அங்கிருந்தே. கவர்னஸின் சரணாகதியால் யாருக்கு லாபம் என்ற கேள்வியை அவர் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அப்பாவின் வீட்டைப் பற்றி எழுத வேண்டி வந்திருக்கும்.

ஒப்பிட ஒரு பெயர், சாண்டோர் ஃபெரென்சி. 1932-ல் வாசித்த ஒரு கட்டுரையில் அவரும் அடித்தவரோடு ஒன்றிப்போவதைப் பேசினார். அவருடைய குழந்தை பேயாக மாறி நடைபோடுவதில்லை. தன்னைச் சிதைக்கும் பெரியவரின் மனதை அப்படியே உள்வாங்கி, அவருடைய குற்றவுணர்வையும் தானே சுமந்து, ரோபோ போலக் கீழ்ப்படிகிறது. ஒரே நுட்பம், இரண்டு முடிவுகள். ஒன்றில் குழந்தைக்குச் சக்தி வருகிறது, மற்றதில் பெரியவருக்கு வசதி கூடுகிறது. ஃபெரென்சியின் பாதை வழியாகத்தான் நாம் ஸ்டீவன்ஸிடம் போக முடியும்.

5

1956 ஜூலை. ஸ்டீவன்ஸ் தன் புது எஜமானரான அமெரிக்கர் ஃபாரடேயின் காரை எடுத்துக்கொண்டு ஆறு நாள் பயணம் போகிறார். இருபது வருடம் முன்பு மாளிகையில் ஹவுஸ்கீப்பராக இருந்த மிஸ் கென்டனைச் சந்திப்பது நோக்கம். வேலைக்கு ஆள் தேவை, அதனால்தான் என்று காரணம் சொல்கிறார். வழிநெடுக நினைவுகள்.

மையத்தில் 1923-ல் நடந்த மாநாடு. டார்லிங்டன் பிரபுவின் வீட்டில் ஐரோப்பியப் பெரிய மனிதர்கள் கூடியிருக்கிறார்கள். மாடியில் ஸ்டீவன்ஸின் அப்பா, அவரும் பட்லர்தான், செத்துக்கொண்டிருக்கிறார். கீழே மகன் மதுக்கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் துய்போனுக்குக் கால் வலி. அப்பாவின் உடலைப் பார்க்க வந்த டாக்டரை, கீழே ஒரு முக்கிய விருந்தாளிக்குக் கால் வலிக்கிறது, அவரையும் பார்க்க முடியுமா என்று கேட்டு அனுப்பிவைக்கிறார் மகன். பிரபு அவர் முகத்தைப் பார்த்து, அழுவது போலிருக்கிறதே என்று விசாரிக்கிறார். நாள் முழுக்க வேலை, அசதி என்று சொல்லிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

கவனியுங்கள், அழுததை ஸ்டீவன்ஸ் நமக்குச் சொல்லவே இல்லை. அடுத்தவர் வாய் வழியாகத்தான் அது பக்கத்தில் விழுகிறது. அன்னாவின் பட்டியலில் தேடினால் உணர்ச்சியைக் கழற்றிவிடுதல் என்று பெயர் கிடைக்கும். நினைவு முழுசாக இருக்கிறது, நேரம், ஆட்கள், காலணி எல்லாம் துல்லியம். அழுகை மட்டும் இல்லை. அதற்குப் பதில் பெருமை வந்து உட்காருகிறது: எவ்வளவு ‘கண்ணியமாக’ நடந்துகொண்டேன்!

இன்னொரு இடம் இதைவிட நுட்பமானது. மூடிய கதவு ஒன்றின் முன்னே தான் நின்ற ஞாபகம் அவருக்கு இருக்கிறது. உள்ளே மிஸ் கென்டன் அழுதுகொண்டிருப்பதாக அப்போது ஓர் உறுதி. அது அவளுடைய அத்தை இறந்த செய்தி வந்த நாள் என்று முதலில் சொல்கிறார். பல பக்கங்கள் கழித்து, இல்லை, யோசித்துப் பார்த்தால் அது வேறொரு இரவாக இருக்கலாம் என்கிறார். இன்னொருவன் தன்னைக் கல்யாணம் செய்யக் கேட்டதை ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று அவள் இவரிடம் சொன்ன இரவு. அத்தை இறந்ததற்கு அழுதால் அவருக்குப் பொறுப்பில்லை. இந்த இரவின் அழுகைக்கு அவர்தான் காரணம். நினைவு இரண்டு தேதிகளை மாற்றிவைத்துவிட்டது.

உளப்பகுப்பாய்வுக்குக் கோட்பாட்டுச் சோதனை என்று ஒன்று உண்டென்றால் அது இந்த மாதிரி இடத்தில்தான். எதை வேண்டுமானாலும் விளக்கிவிடும், எதனாலும் பொய்யாக்க முடியாது என்று அதன்மேல் கார்ல் பாப்பர் வைத்த குற்றச்சாட்டு பிரசித்தம். பூவா தலையா சிக்கல் ஃப்ராய்டுக்கும் தெரியும். 1937-ல் எழுதிய ஒரு கட்டுரையை அந்தக் குற்றச்சாட்டிலிருந்தே தொடங்குகிறார். நோயாளி சொல்லும் ‘இல்லை’யும் ஆதாரமில்லை, ‘ஆமா’வும் ஆதாரமில்லை, அதன்பின் அவர் மனதிலிருந்து புதிதாக என்ன நினைவு எழுகிறது என்று பார் என்பது அவருடைய பதில். பாப்பரை இது திருப்திப்படுத்தாது. ஆனால் நாவல் வாசகருக்கு இது நல்ல விதி. ‘ஸ்டீவன்ஸ் காதலித்தார், ஒப்புக்கொள்ளவில்லை’ என்பது வெறும் ஊகம். கதவின் தேதி தானாக மாறும்போதுதான் பிரதி நமக்கு ஆதாரம் தருகிறது. வாட்ஸப் சண்டையில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. அங்கே முதல் ‘இல்லை’யிலேயே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

6

இதுவரை கோட்பாடும் நாவலும் ஒத்துப்போகின்றன. பிரியும் இடம் இனிமேல்.

முப்பதுகளில் டார்லிங்டன் பிரபு பாசிஸ்டுகளின் பேச்சைக் கேட்டு, வீட்டில் வேலை செய்யும் இரண்டு யூதப் பெண்களை நீக்கச் சொல்கிறார். மிஸ் கென்டன் கொதிக்கிறாள், தானும் போய்விடுவதாகச் சொல்கிறாள். ஸ்டீவன்ஸ் பணியாளர் பட்டியலைச் சரிசெய்வதுபோல அதைச் செய்து முடிக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, பிரபு வருந்தியதும், எனக்கும் அப்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது என்று அவளிடம் சொல்கிறார். அன்றே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும், ஏன் எப்போதும் நடிக்கிறீர்கள் என்று அவள் கேட்கிறாள்.

அன்னாவின் கவர்னஸ் ஆசைகளை அடுத்தவரிடம் ஒப்படைத்தாள். ஸ்டீவன்ஸ் ஒப்படைத்தது மனசாட்சியை. நல்லது கெட்டதைப் பிரபு பார்த்துக்கொள்வார், நம் வேலை வெள்ளிப் பாத்திரங்களைப் பளபளப்பாக வைத்திருப்பது. இந்த வகைச் சரணாகதிக்கு அன்னாவின் நூலில் தனி அத்தியாயம் இல்லை. அது அச்சான இரண்டு வருடத்தில், 1938 மார்ச்சில், கெஸ்டபோ அன்னாவை விசாரணைக்கு அழைத்துச் சென்றது. குடும்பம் லண்டனுக்குத் தப்பியது. வியன்னாவிலேயே இருந்துவிட்ட ஃப்ராய்டின் நான்கு சகோதரிகளும் நாஜிகளின் கையில் மாண்டார்கள். பட்டியலைப் பார்த்துப் பெயர் எழுதியவர்கள், ரயிலுக்கு நேரம் குறித்தவர்கள் எத்தனையோ பேர் வீட்டில் நல்ல அப்பாக்களாக இருந்திருப்பார்கள். மனசாட்சியை வெளியே குடியமர்த்துவது தனிமனிதக் கோளாறாக மட்டும் இருக்க முடியாது. அதை வாங்கிவைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், சம்பளமும் மரியாதையும் கொடுத்து.

இந்த இடத்தைப் பார்த்தவர் இசபெல் மென்சீஸ். லண்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியர்களிடையே ஆய்வு செய்து 1960 வாக்கில் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிகளைப் பெயரால் அல்லாமல் படுக்கை எண்ணாலும் பாதிக்கப்பட்ட உறுப்பாலும் குறிப்பிடுவது, ஒரு செவிலியரிடம் ஒரு நோயாளியை முழுசாக விடாமல் வேலையைத் துண்டாக்கிப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பது, சின்ன முடிவுக்கும் மேலிடத்தைக் கேட்பது. இவை வெறும் நிர்வாக வசதி அல்ல, மரணத்தின் அருகே வேலை செய்யும் பதற்றத்திலிருந்து காத்துக்கொள்ள அந்த நிறுவனம் கட்டிய தற்காப்புகள் என்றார். ஆளின் மனதில் இருப்பது போலவே டியூட்டி சார்ட்டிலும் தற்காப்பு இருக்கலாம். பலன், பதற்றம் குறையவில்லை. நல்ல செவிலியர்கள் பலர் வேலையை விட்டார்கள்.

ஸ்டீவன்ஸின் ‘கண்ணியம்’ இப்படிப்பட்ட ஒன்று. அவர் அதைத் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவிடமிருந்து கற்றார், தொழிலிடமிருந்து கற்றார். அப்பா சாகும்போது அழாத பட்லரால் அவருடைய மனதுக்கு எவ்வளவு நிம்மதியோ தெரியாது. மாநாடு தடங்கலில்லாமல் நடந்தது. இன்றைக்கு இதற்கு ‘புரொஃபஷனலா இரு’ என்று பெயர். லே-ஆஃப் நடந்த மறுநாள் காலி நாற்காலிகளுக்கு நடுவே ஸ்டாண்ட்-அப் மீட்டிங் வழக்கம்போல நடப்பதை ஐடி வேலையில் இருக்கும் எவரும் பார்த்திருக்கலாம். ‘ரிசோர்ஸ் குறைஞ்சிருக்கு, டைம்லைன் அதேதான்.’ ஆள் ரிசோர்ஸ் ஆவதும் நோயாளி படுக்கை எண் ஆவதும் ஒரே இலக்கணம். அங்கே ஒருவரைப் பார்த்து ‘நீ உணர்ச்சியை அமுக்குற’ என்று சொல்வதில் என்ன இருக்கிறது? அமுக்கச் சொன்ன நாற்காலியைப் பற்றிப் பேசாதவரை அது பாதி உண்மைதான்.

7

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தற்காப்புகளில் நல்லது கெட்டது உண்டா?

உண்டு என்றவர் ஜார்ஜ் வேலன்ட். 1930-களின் இறுதியில் ஹார்வர்டு மாணவர்களை எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த ஆய்வின் தரவுகளைக் கொண்டு 1977-ல் ‘அடாப்டேஷன் டு லைஃப்’ எழுதினார். தற்காப்புகளைப் படிக்கட்டாக அடுக்கினார். கீழ்ப்படியில் யதார்த்தத்தையே மறுப்பவை, மேல்படியில் முதிர்ந்தவை: உன்னதப்படுத்தல், பிறர்நலம், முன்யோசனை, தெரிந்தே ஒத்திவைத்தல், நகைச்சுவை. தற்காப்பு இல்லாத மனிதர் ஆரோக்கியமானவர் அல்ல, நல்ல தற்காப்பு உள்ளவரே ஆரோக்கியமானவர் என்ற அவருடைய பார்வை அன்னாவின் கருணைக்கு நேர் வாரிசு. ஆனால் படிக்கட்டில் ஏறியவர்கள் எல்லாரும் ஹார்வர்டு ஆண்கள். பட்லர் இருந்திருந்தால் வீட்டுக்குப் பின்வாசலில் நின்றிருப்பார்.

நாவலின் முடிவில் இந்தப் படிக்கட்டு ஆட்டம் காண்கிறது. மிஸ் கென்டனைச் சந்தித்தாயிற்று. உங்களோடு ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாமே என்று சில சமயம் நினைப்பதுண்டு என்று அவள் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கணத்தில் தன் மனம் உடைந்ததை ஸ்டீவன்ஸ் ஒரே ஒருமுறை நம்மிடம் ஒப்புக்கொள்கிறார். வேமத் கடற்கரைப் பாலத்தில், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டை நீட்டுகிறார். இந்த முறை நாள் முழுக்க வேலை என்ற சாக்கு இல்லை. பிரபுவாவது தன் தவறுகளைத் தானே செய்தார், எனக்கு அதுகூட இல்லையே என்பதுதான் அங்கே ஸ்டீவன்ஸின் புலம்பல். தற்காப்பு விலகிய ஒரு நிமிடம்.

அடுத்த பக்கத்தில் கவசம் திரும்பிவிடுகிறது. புது எஜமானர் ஃபாரடே கேலி பேசுவதில் ஆசையுள்ளவர். ஊருக்குப் போனதும் நானும் கேலி பேசப் பழக வேண்டும், முறையாகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார். நகைச்சுவை! வேலன்ட்டின் மேல்படி. படிக்கட்டுப்படி மதிப்பெண் போட்டால் ஸ்டீவன்ஸ் முதிர்ந்துவிட்டார். ஆனால் அவர் சிரிக்கப் போவது எஜமானருக்காக. பழைய எஜமானருக்கு அழுகையை விட்டுக்கொடுத்தவர், புது எஜமானருக்குச் சிரிப்பைத் தயார் செய்கிறார். நம்மைச் சிரிக்க வைத்தபடியே நம் தொண்டையில் ஏதோ அடைக்கவும் செய்யும் முடிவு அது.

இது தோல்வியா, மீட்சியா? இருட்டுக் கூடத்துச் சிறுமி பேயாக மாறிப் பயமில்லாமல் அடுத்த அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். ஸ்டீவன்ஸ் முப்பது வருடம் அந்தக் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். அதற்குக் கூலியும் வாங்கினார், பாராட்டும் வாங்கினார். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாம். ஆனால் கூடம் யாருடையது, விளக்கின் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் அந்தச் சொல்லை ஒருவர்மேல் எறிய நமக்கு உரிமை இல்லை.

வேமத்தில் கைக்குட்டை நீட்டியவர் ஸ்டீவன்ஸுக்கு எந்த லேபிளும் ஒட்டவில்லை. அவரும் ஒரு காலத்தில் பட்லராக இருந்தவர்தான்.